துண்டு தொங்கினால் கத்தட்டும்

அலாரம் அலறியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாய் கொப்பளித்து, பிரஷ்ஷைக் கழுவி, அதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அவசரப்படுவது என் சுபாவம் இல்லை, சார். ஒரு கிளப்பில் முடி நரைக்கும்வரை நீச்சல் சொல்லிக்கொடுத்தவன் நான். தண்ணீர்ப் பக்கத்தில் ஓடக் கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். நானே ஓடினால் நன்றாகவா இருக்கும்?

அந்த அலாரம் எதற்கு என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டின் பின்பக்கம் இருந்த நீச்சல் குளத்தில் மீன் விட்டு, அந்த மீன் தண்ணீரைப் பாய்ச்சிக் கீரையும் தக்காளியும் வளர்த்தார் என் தங்கையின் கணவர். பம்ப் நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது. காற்று குறைந்தால் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வரும். அப்புறம் வயிற்றைக் காட்டி மிதக்கும். அதனால் பம்ப் நின்ற மறுகணம் ஊரைக் கூட்டுகிற ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அது அலறினால் வீட்டில் யார் இருந்தாலும் ஓடிப்போய் பம்ப் அறையில் சுவிட்சைப் போட வேண்டும். இது அவர் போட்ட சட்டம்.

அவர் அந்த வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே நான் போட்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. யாராவது குளத்தில் இறங்கினால் பம்ப் அறைக் கதவின் கைப்பிடியில் சிவப்புத் துண்டைப் போட வேண்டும். துண்டு தொங்கும்வரை எந்தச் சுவிட்சையும் யாரும் தொடக் கூடாது. இரண்டு சட்டத்தையும் சேர்த்து மாப்பிள்ளை ஒரே வரியில் சொல்வார்.

"துண்டு தொங்குனா கத்தட்டும். தொங்கலேன்னா ஓடு."

நான் சுவிட்சைப் போட்டபோது கதவில் துண்டு தொங்கவில்லை. முதல் நாள் விசாரணையில் உங்களிடம் இதைத்தான் சொன்னேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

இன்று நீங்கள் அந்தத் துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டு, இது உங்கள் அலமாரிக்கு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடுவிலிருந்து பதில் சொன்னால் என்னைத் தவறாக நினைத்துவிடுவீர்கள். தண்ணீரை ஆழம் குறைந்த பக்கத்திலிருந்துதான் பழக வேண்டும். அங்கிருந்தே வருகிறேன்.

அந்தக் குளத்தை வெட்டியவன் நான். வீடு அப்பா அம்மா விட்டுப்போனது. எனக்கும் பாப்பாவுக்கும் பொது. பாப்பா என்றால் என் தங்கை. நாற்பதை நெருங்கிவிட்டாள் என்றாலும் எனக்கு அவள் பாப்பாதான். படிக்கிற காலத்தில் கல்லூரி மாடிப்படியில் உருண்டு முதுகில் அடி. தண்ணீருக்குள் பயிற்சி செய்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். எங்கள் கிளப்புக்கே கூட்டிப்போயிருக்கலாம். அங்கே நாலு பேர் பார்ப்பார்கள். என் தங்கையை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணம் காட்சி என்று எனக்காக எதுவும் சேர்த்து வைக்கவில்லை. இருந்ததையெல்லாம் அந்தக் குழியில் போட்டேன். நீல ஓடு பதித்து, வடிகட்டி வைத்து, ஓரத்தில் ஒரு பம்ப் அறையும் கட்டினேன்.

தினமும் விடிந்ததும் அவள் தண்ணீரில் இருப்பாள், நான் கரையில் இருப்பேன். என் கழுத்தில் விசில். ஒரு முறை ஊதினால் கிளம்ப வேண்டும். இரண்டு முறை ஊதினால் திரும்ப வேண்டும். நீளமாக ஊதினால் எந்த இடத்தில் இருந்தாலும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து நிற்க வேண்டும். கிளப்பில் பிள்ளைகளுக்கு இதை மண்டையில் ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பாப்பாவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

டாக்டர் ஆறு மாதம் என்று சொல்லியிருந்தார். டாக்டர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் பதினான்கு வருஷம் விடவில்லை. வலி போய்விட்டது அண்ணா என்று அவள் சொல்லும்போதெல்லாம், நீந்துவதால்தான் போயிற்று, நிறுத்தினால் திரும்பி வந்துவிடும் என்று பொறுமையாக விளக்குவேன். மழை என்றும் குளிர் என்றும் பார்த்ததில்லை. ஒரு நாள் தன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். நான் கோபப்படவில்லை, கை ஓங்கவில்லை. அவள் வேலைக்குப் போன பிறகு தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்து வைத்துவிட்டேன். அப்புறம் அந்தப் பிரச்சினையே வரவில்லை.

வரன்களும் வந்தன. வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவருக்கு நீச்சல் தெரியாது. இன்னொருவர் வெளியூர், அங்கே குளம் வைத்த வீட்டுக்கு எங்கே போவது? அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நானே பதில் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அவள் வேலை பார்த்த அலுவலகத்தின் வரவேற்பறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதைக் கழுவ வாரம் ஒருமுறை ஓர் ஆள் வருவார். வண்ண மீன் கடை வைத்திருப்பவர். பானை வயிறு, கடைவீதியே திரும்பிப் பார்க்கிற சிரிப்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன் தீனி வாசனை. தொட்டி கழுவ வந்தவர் என் வீட்டையே கழுவிவிட்டார். ஒரு நாள் சாயங்காலம் பாப்பா அவரோடு வந்து நின்று, பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது என்றாள். அவருடைய கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் குடித்தனம் நடத்த முடியாது என்பதால் இங்கேயே இருக்கப்போவதாகவும் சொன்னாள். வீடு பாதி அவளுடையது. நான் என்ன சொல்ல? காபி போட்டுக் கொடுத்தேன்.

கூடாரத்துக்குள் ஒட்டகம் மூக்கை நுழைத்த கதைதான். முதல் மாதம் என்னை மரியாதையாக "மச்சான்" என்றார். அடுத்த மாதம் "விசில் மச்சான்" ஆனேன். விருந்தாளிகள் வந்தால், "நம்ம மச்சான் ஊதலேன்னா இந்த வீட்ல சூரியன் வராது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாப்பா மட்டும் சிரிக்க மாட்டாள், தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். என் பக்கம் அவள் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கல்யாணத்துக்குப் பிறகும் காலை நீச்சல் நிற்கவில்லை. அதை அவர் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு ஜன்னலில் நின்று வெறுமனே பார்த்தார். ஒரு ராத்திரி சாப்பாட்டு மேஜையில், சோற்றைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார்.

"மச்சான், அந்தக் குளத்துல மீன் விடலாம்னு இருக்கேன்."

மீன் விட்டால் பாப்பா எங்கே நீந்துவாள் என்று கேட்டேன்.

"அவ நீந்துனது போதும். இனி அதுங்க நீந்தட்டும். அதுங்களுக்கு முதுகெலும்பு நல்லா இருக்கு. இருந்தாலும் நீந்தும், கவலப்படாதீங்க."

நான் பாப்பாவைப் பார்த்தேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. உரித்த தோலையே மறுபடி உரித்தாள். கணவனை எதிர்த்துப் பேசப் பயப்படுகிறாள் என்று புரிந்துகொண்டேன். வாயில்லாப் பூச்சி. அவளுக்காக நான்தான் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்தேன். வீட்டில் எனக்கும் பாதி உண்டு, நான் சம்மதிக்கவில்லை என்றேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

"உங்க பாதில நீங்க நீந்திக்கங்க மச்சான். குறுக்கால சுவர் எழுப்பித் தரேன். எந்தப் பாதி வேணும், ஆழமான பக்கமா, ஆழமில்லாத பக்கமா?"

அடுத்த வாரமே தண்ணீரை இறக்கிவிட்டார். குளம் காலியான அன்று பாப்பா அதன் அடியில் போய், ஓட்டுச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொன்னார். அவள் சிரித்தாள். நான் கரையில் நின்று பார்த்தேன். அழுகையை மறைக்கச் சிலர் அப்படிச் சிரிப்பார்கள்.

வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்தார். அதை மறுக்க மாட்டேன். சுவரெல்லாம் தேய்த்து, குளோரின் வாசனை போகும்வரை திரும்பத் திரும்பக் கழுவினார். புதுத் தண்ணீர் நிரப்பி அதைச் சும்மா வெயிலில் போட்டு வைத்தார். ஆழம் குறைந்த பக்கத்தில் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் ஜல்லி நிரப்பிய தொட்டிகளை வரிசையாக ஏற்றினார். குளத்தின் ஆழத்தில் கிடக்கும் பம்ப் தண்ணீரைத் தூக்கி ஜல்லியில் ஊற்றும். மீன் போட்ட கழிவை ஜல்லியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உரமாக்கும். உரத்தைச் செடி குடித்துவிடும். சுத்தமான தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குளத்துக்கே திரும்பும். "யாரும் யாரையும் வீணாக்கறதில்ல மச்சான், குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்பார். பாப்பா ஜல்லிக் கூடையைத் தலையில் சுமந்தாள். முதுகு என்ன ஆகும் என்று பதறினேன். ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியில் வலியில் முனகுகிறாளா என்று சுவரில் காதை வைத்துக் கேட்பேன். சத்தமே வராது. வாயைப் பொத்திக்கொண்டிருந்திருப்பாள்.

ஜிலேபி மீன்கள் வந்தன. தண்ணீர் பச்சையானது. நான் பதித்த நீல ஓடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

பம்ப் அறையில் மட்டும் அவருக்கு நான் தேவைப்பட்டேன். கிளப்பில் நீச்சல் சொல்லிக்கொடுத்ததோடு பம்ப், மின்சாரம் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அவர் வாங்கிவந்தது பழைய பம்ப். மழை பெய்தால் எங்கேயோ கசிந்து டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும். மின்சாரம் தண்ணீருக்குப் போகாமல் தடுக்கிற சுவிட்ச் அது. இரண்டு முறை அப்படி விழுந்து, இரண்டு முறையும் மீன்கள் தப்பின. மூன்றாவது முறை விடிந்து பார்த்தால் குளம் முழுக்க வெள்ளை வயிறு. பாப்பா கரையில் உட்கார்ந்து அழுதாள். நான் தோளைத் தொட்டேன். தோளை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

அவர்கள் இருவரும் மழையைத் திட்டினார்கள். முந்தின நாள் வானம் வெளுத்துத்தான் கிடந்தது என்பதை இருவரும் யோசிக்கவில்லை. அன்று அந்தச் சுவிட்சை இறக்கிவிட்டவன் நான். மீன் செத்தால் ஆசை விட்டுவிடும், தண்ணீரை மாற்றிவிடுவார்கள், பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் சார் என் எண்ணம். மனுஷனைத் தொட வேண்டும் என்று அப்போது கனவிலும் நினைத்ததில்லை. அவர்தான் விடவில்லை.

"இந்தச் சனியன் இனிமே விழவே கூடாது மச்சான். பம்ப் ரூம்லயே குடித்தனம் நடத்துனவராச்சே நீங்க, என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க."

"அது விழறது நம்ம நல்லதுக்குத்தான் மாப்ள" என்றேன். பாப்பாவும் பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் கேட்டுப் பாருங்கள், நான் எச்சரித்தேனா இல்லையா என்று.

"எலக்ட்ரீசியன் வர்ற வரைக்கும் பொறுத்துக்குவோம். அடுத்த வாரம் வரேன்னு சொல்லியிருக்கார். அதுக்குள்ள இன்னொரு தடவ எம்புள்ளைங்க செத்தா நான் தாங்க மாட்டேன்."

மீனைத்தான் பிள்ளைகள் என்றார். சரி, மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று அவர் கேட்டதைச் செய்தேன். சுவிட்ச் பெயருக்கு இருந்தது, விழாது. அதே வாரம் அவர் அந்த அலாரத்தையும் மாட்டி, தன் சட்டத்தையும் போட்டார். எலக்ட்ரீசியன் ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நான்தான் போன் செய்து, எல்லாம் சரியாகிவிட்டது, வர வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அன்று கேட்டிருந்தால் எனக்கே பதில் தெரிந்திருக்காது. கதவைச் சும்மா சாத்தாமல் வைப்பதில்லையா, அதுபோல.

புது மீன்கள் வந்தன. முன்னைவிட நன்றாகவே வளர்ந்தன. தக்காளிக் கொடி பம்ப் அறையை மறைக்கிற உயரத்துக்கு ஏறிவிட்டது. ஞாயிறுதோறும் மாப்பிள்ளை சுவிட்சை அணைத்து, துண்டைக் கதவில் போட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, பம்ப் வாயில் கட்டிய வலையைச் சுத்தம் செய்வார். அவ்வளவு நேரமும் அலாரம் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். அரை மணி அது கத்தினால்தான் எங்கள் வீட்டில் ஞாயிறு.

என் விசிலைப் பம்ப் அறையில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன். ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டது. என் உடம்பு தானாக எழுந்து நின்றது. பின்பக்கம் ஓடினால், மாப்பிள்ளை கரையில் நின்று என் விசிலை ஊதிக்கொண்டிருக்கிறார். ஒரு முறை ஊதுவார், ஒரு பிடி தீனி போடுவார். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தன. பல நாளாக, நான் இல்லாத நேரத்தில், பழக்கியிருக்கிறார்.

"பாத்தீங்களா மச்சான், உங்க விசிலுக்கு இன்னமும் ஓடி வர்ற ஜீவனுங்க இருக்கு. தீனி போட்டாத்தான் வரும், அது ஒண்ணுதான் வித்தியாசம்."

பாப்பா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு பெண் எவ்வளவு பயந்து போயிருந்தால் இப்படிச் சிரிப்பாள் என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். இவளை இவரிடமிருந்து காப்பாற்ற எனக்கு வேறு வழி இல்லை என்ற முடிவுக்கு வந்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தேன்.

பம்புக்குப் போகும் வயர் தண்ணீருக்குள் ஓரிடத்தில் தோலுரிந்திருக்கிறது, ஓட்டு விளிம்பில் உரசியிருக்கலாம் என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். படித்தவர், யாரையும் புண்படுத்தாமல் எழுதியிருக்கிறார். நான் பதித்த ஓட்டில் உரசுகிற விளிம்பு கிடையாது. சனிக்கிழமை அவர்கள் இருவரும் சந்தைக்குப் போயிருந்தபோது அதைச் செய்தது நான்.

முதலில் மீன்களுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாம் ஆழத்தை விட்டு, இரும்புச் சட்டத்துக்கு அடியில் ஆழம் குறைந்த பக்கமாக வந்து ஒண்டிக்கொண்டன. சாயங்காலம் திரும்பி வந்த மாப்பிள்ளை கரையில் நின்று உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"காத்து பத்தல. வலை அடைச்சிருக்கும். காலைல மொத வேலையா எறங்கிப் பாத்துடறேன்."

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. பாப்பா, ஐயோ பாவம் என்று தீனியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து, தண்ணீரில் கைவைக்கப் போனாள். விசில் என் கழுத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை அதை ஊதிய சாயங்காலத்துக்குப் பிறகு அதை நான் கழற்றவில்லை. நீளமாக ஊதினேன். கை அந்தரத்தில் நின்றது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து, முதுகை நேராக வைத்து நின்றாள். பதினான்கு வருஷப் பழக்கம் வீண் போகவில்லை.

"தண்ணி அழுக்கா இருக்கு பாப்பா, கைய வைக்காதே" என்றேன். மாப்பிள்ளை பெரிதாகச் சிரித்து, மச்சானுக்குப் பழைய ஞாபகம் என்றார். பாப்பா சிரிக்கவில்லை. வெகுநேரம் என்னையே பார்த்தாள். நன்றியோடு பார்க்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்த விசிலைப் பற்றி அவள்தான் உங்களிடம் சொன்னாள் என்கிறீர்கள். என்னை நல்லவன் என்று காட்டுவதற்காகத்தான் சொல்லியிருப்பாள்.

அன்று ராத்திரி முழுவதும் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தெரியாமல் வந்து தண்ணீரைத் தொட்டுவிடக் கூடாதே. கொலைகாரன் இப்படிக் கண் விழித்துக் காவல் இருப்பானா என்று நீங்களே யோசியுங்கள்.

விடிந்ததும் எழுந்து போய்ப் பல் தேய்த்தேன். மாப்பிள்ளை சுவிட்சை அணைத்தார், துண்டைப் போட்டார், இறங்கினார். அலாரம் கத்தியது. நான் போனேன். துண்டு கைப்பிடியில் ஒழுங்கில்லாமல் தொங்கியது. அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். கொடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இலை இடுக்கில் என் நிழலைப் பார்த்துவிட்டு, அலாரத்துக்கு மேலே கத்தினார்.

"யாரு, விசில் மச்சானா? துண்டு தொங்குதா பாத்துக்கங்க."

"தொங்குது மாப்ள" என்று குரலை உயர்த்திச் சொன்னேன்.

தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சுவிட்சைப் போட்டேன். அலாரம் நின்றது. அத்தனை கத்தலுக்குப் பிறகு வருகிற அமைதி, காதுக்குள் தண்ணீர் போன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சுவிட்சை அணைத்தேன். மறுபடி அலாரம். ஏன் அணைத்தேன் என்றால், அவள் வந்தால் யோசிக்காமல் குதித்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அப்படித்தான் செய்தாள். ஓடி வந்தவள் முதலில் பம்ப் அறைக் கதவைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள், அப்புறம் குதித்தாள். ஆழம் வரைக்கும் நீந்திப் போனாள் சார். அந்தப் பச்சைத் தண்ணீரில், சேலையோடு, ஒரு கைவீச்சுக்கூடத் தப்பவில்லை. தோள் திரும்புகிற விதம், மூச்சு எடுக்கிற இடம், எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தபடி. எத்தனை மாதம் ஆயிற்று அவள் நீந்தி. அவரை இழுத்துக்கொண்டு திரும்பி வரும் வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எப்போது துண்டை நீளவாக்கில் மடித்துச் சுருட்டி அலமாரியில் வைத்தேன் என்று நினைவில்லை. உபயோகித்த துண்டை அப்படி வைப்பது என் வழக்கம். வேறு யாரும் அந்த வீட்டில் அப்படி மடிப்பதில்லை என்பதும் உண்மைதான்.

ஆக, ஆமாம். மாப்பிள்ளையைக் கொன்றது நான். தெரிந்து செய்தேன், நிதானமாகச் செய்தேன், என் தங்கைக்காகச் செய்தேன். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை அவளை இந்த அறைக்குக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, போன் வந்ததென்று நீங்கள் வெளியே போனீர்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் என்ன பேசினோம் என்று கேட்டீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. நான்தான் பேசினேன். எல்லாம் முடிந்துவிட்டது பாப்பா, இனி யாருக்கும் பயப்பட வேண்டாம் என்றேன். அந்தத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், ஓட்டைத் தேய்க்க எந்தப் பொடி வாங்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். நான் இல்லாவிட்டாலும் காலை நீச்சலை விட்டுவிடாதே, விட்டால் வலி திரும்பிவிடும் என்றேன். அவள் எழுந்து நின்றாள். முதுகு நேராகத்தான் இருந்தது. அவள் சொன்னதை உங்கள் தாளில் ஏற்ற வேண்டியதில்லை. புருஷனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில், வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறாள். கேட்டதால் சொல்கிறேன்.

"வலி போயி பதிமூணு வருஷம் ஆச்சு அண்ணா, அந்தக் குளத்துல மீன விடுங்க, எங்கண்ணன் இனிமே என்னய அதுல எறக்கக் கூடாதுன்னு அவர் கால்ல விழுந்து கேட்டது நான்தான்."